பேனா எடுத்துக்கிட்டியா?

போன வாரக் கதையில், சாப்பாட்டு மேஜையில் அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு "உன் இஷ்டம்" என்றாரே, அங்கேதான் விட்டோம். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. துரு தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி மட்டும், "அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுது!" என்று சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்! அவள் பிறந்த வீட்டில் 'உன் இஷ்டம்' என்றால் உன் இஷ்டம்தான். இந்த வீட்டு அகராதியே வேறு. இங்கே 'பார்க்கலாம்' என்றால் முடியாது. 'யோசிப்போம்' என்றால் யோசிக்கவே போவதில்லை. 'உன் இஷ்டம்' என்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று என்று அர்த்தம். கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாத மருமகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

விஷயம் இவ்வளவுதான். துரு பதினோராம் வகுப்பு முடித்திருக்கிறாள். துருதுருவென்று திரிந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. 'இரும்புல பிடிக்குமே, அதுவா?' என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். அந்தக் கல்லூரி நேர்முகத்தில் எடுத்த எடுப்பிலேயே, 'மிருகங்களோட எங்கே வேலை செஞ்சிருக்கே?' என்றுதான் கேட்பார்களாம். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. ஆகையால் பதில் சம்பாதிக்க இந்த ஒரு கோடை விடுமுறைதான் கையில் இருக்கிறது. அவள் கேட்டது விடுமுறை முழுக்க மிருக ஆஸ்பத்திரியில் உதவிக்குப் போக. அப்பா ஏற்பாடு செய்திருந்தது கம்ப்யூட்டர் முகாம். இரண்டும் ஒரே நேரம்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?' என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்பவர். வேண்டாம் என்பதற்கான காரணத்தை அன்றைக்கு அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அண்ணி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

காரணம், துருவுக்கு வீசிங். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பூனை முடி, கம்பளித் தூசி, பழைய போர்வை எதுவானாலும் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணியின் அம்மா சும்மா ஒரு பேச்சுக்கு, "வீட்டுல எல்லாரும் ஆரோக்கியம்தானே?" என்று கேட்டார். "ஒரு குறையும் இல்லீங்க" என்று அம்மா பதறிப்போய்ச் சொல்லிவிட்டாள். நாளைக்குத் துருவுக்கும் ஒரு இடம் பார்க்க வேண்டுமே, பேச்சு வெளியே போய்விடுமே என்ற பயம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் போதுமா, அதற்குத் தினமும் தீனி போட வேண்டாமா! அன்றிலிருந்து மூச்சு வாங்கினால் துரு குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் மருந்தை உறிஞ்சுவாள். 'இந்தப் பொண்ணு ஏன் இப்படித் தண்ணிய வீணாக்குது' என்று அண்ணிக்கு ஒரு குறை. அந்த நீலநிற இன்ஹேலருக்கு வீட்டில் வேறு பெயரும் வைத்தாயிற்று.

மறுநாள் காலையிலும் அம்மா அதைத்தான் கேட்டாள்.

"பேனா எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேம்மா."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு. "அத்தை, உலகத்துல எந்தப் பொண்ணுக்கும் இவ்வளவு பேனா தேவைப்பட்டதில்ல. பொறந்த நாளைக்கு நான் ஒரு பெட்டியே வாங்கிக் குடுத்தேனே, அதெல்லாம் எங்க போச்சு?"

அம்மா துருவைப் பார்த்தாள். 'எங்கே கிளம்பிட்டே?' என்று அந்தப் பார்வை கேட்டது. துரு அதைப் பார்க்காததுபோல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்பா அதற்கு முன்பே கடைக்குப் போயிருந்தார்.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரின் கூரையில் ஒரு பலகை, இடது பக்க இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக்.

"அது மேல காலை வைக்காதே துரு. போன வாரம் ஒரு அம்மா பயத்துல மிதிச்சு, பின்னாடி வந்தவன்கிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

துரு காலை இழுத்துக்கொண்டாள். "அண்ணி, எங்க போறோம்?"

"எங்கேன்னா? மிருக ஆஸ்பத்திரிக்குத்தான்! நேத்தே டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். எங்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவங்கதானே, மாட்டேன்னா சொல்லுவாங்க? உடம்பு எப்படின்னு கேட்டாங்க. மூச்சுத் தொந்தரவு ஏதாவது உண்டான்னாங்க. அவளுக்கா? மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுவாளேன்னேன்!"

துரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் கார் திரும்பிவிடும், அத்தோடு இந்தக் கோடையும் போய்விடும்.

"அப்பா..." என்று இழுத்தாள்.

"மாமாதான் உன் இஷ்டம்னுட்டாரே! நல்ல மனுஷன். எங்கப்பாவா இருந்தா ஒரு வாரம் பேசியிருப்பார். அந்தக் கம்ப்யூட்டர் முகாமுக்கும் காலையிலேயே ஃபோன் போட்டு, வேண்டாம்னுட்டேன். இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுப் போகாம இருந்தா பாவம் இல்லையா, வேற பிள்ளைக்காவது ஆகும்."

துருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகாமை நடத்துபவர் அப்பாவின் பழைய கூட்டாளி. இருவரும் சேர்ந்து கடை வைத்து, சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் நடிப்பவர்கள். அந்த மனிதர் வீட்டு வாசலில் போய் நின்று, மகளுக்காக ஒரு இடம் கேட்டு வந்திருந்தார் அப்பா. அதைத்தான் அண்ணி பல் தேய்த்த கையோடு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன, பேச்சையே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"ஆமாம் அண்ணி" என்றாள் துரு.

அடிப்பாவி என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணி இறக்கிவிட்டுப் போன ஆஸ்பத்திரி ஒரு நீளமான கட்டடம். முன்னால் பெஞ்சுகள் போட்ட கூடம், அதற்கப்புறம் பரிசோதனை அறை, பின்னால் கூண்டுகள். டாக்டரம்மா குட்டை முடியும் கட்டைக் குரலுமாக இருந்தார். துருவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகமூடி ஒன்றைக் கொடுத்தார்.

"கேள்வி அப்புறம் கேளு. முதல்ல அந்த நாயோட கால் ஆடாம பிடி."

அடிபட்ட கறுப்பு நாய். டிரிப் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். துரு அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு, காதருகில் குனிந்து என்னென்னவோ உளறினாள். அது அவள் முழங்கையில் மோவாயை வைத்து அடங்கிவிட்டது. ஊசி ஏறிய பிறகும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ம். கை நடுங்கல" என்றார் டாக்டரம்மா. அவரிடம் அது பெரிய பாராட்டு என்று பக்கத்திலிருந்த உதவியாளர் கண்ணைச் சிமிட்டினார்.

துருவுக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டு கழுவினாள், முயலுக்குத் தண்ணீர் வைத்தாள், கிளியிடம் திட்டு வாங்கினாள். அப்பாவையும் கூட்டாளியையும் கொஞ்ச நேரம் மறந்தேபோனாள். இதுதான், இதேதான் என்று மனசு குதித்தது. படித்தால் இந்தப் படிப்பு, செய்தால் இந்த வேலை.

அப்புறம் அந்தப் பூனை வந்தது.

வெள்ளைப் பூனை, நீள முடி. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வயிற்றில் சவரம் செய்ய வேண்டும். உதவியாளர் மெஷினை ஓட்ட ஓட்ட, விளக்கு வெளிச்சத்தில் முடி பஞ்சாகப் பறந்தது. துரு பூனையின் தோளையும் தலையையும் பிடித்திருந்தாள். காலில் ஏற்கெனவே ஊசி குத்தியிருந்தது. விட்டால் பாய்ந்து ஊசியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும்.

முதலில் தொண்டை அரித்தது. பிறகு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. முகமூடிக்குள் விசில் கிளம்பிவிட்டது. பேனா கைப்பையில், கைப்பை வெளிக் கூடத்து ஆணியில். 'இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தால் பாதி வழியில் நின்றது.

"மெஷினை நிறுத்து!" டாக்டரம்மாவின் குரல். "ஏய் பொண்ணு, உதடு ஏன் இப்படி இருக்கு? பூனைய விடு. விடுன்னா விடு, நான் பிடிச்சுக்கறேன்!"

துருவால் பேச முடியவில்லை. வெளிக் கூடத்தைக் கை காட்டினாள். உதவியாளர் ஓடிப்போய்க் கைப்பையையே கொண்டுவந்து கொட்டினார்.

உறிஞ்சினாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, மறுபடி உறிஞ்சச் சொன்னார்கள். நெஞ்சு மெதுவாகத் திறந்து, பேச்சு வந்தபோது கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"எவ்வளவு நாளா இது?"

"சின்ன வயசுலேர்ந்து."

"உங்க அண்ணி இல்லன்னாங்களே?"

"அவங்களுக்குத் தெரியாது டாக்டர்."

"ஒரே வீட்டுல இருக்கீங்க. தெரியாதா?" டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் கையுறையை உரித்து எறிந்தார். "இங்க வர்றதுங்களுக்குத்தான் எங்க வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. உனக்குமா?"

துரு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா அண்ணிக்கு ஃபோன் செய்தார்.

ஆனால் முதலில் வந்து நின்றது அப்பா. பழைய கூட்டாளி கடைக்கே ஃபோன் செய்து, 'இடம் கேட்டு வந்து நின்னது நீ, வேண்டாம்னு சொல்றது உம் மருமகளா? என்ன விளையாட்டு இது?' என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டில் விசாரித்து, எங்கே போயிருப்பாள் என்று ஊகித்து, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். கூடத்துப் பெஞ்சில் மகளைப் பார்த்ததும் அவர் கோபமெல்லாம் எங்கே போனதோ! பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் அப்படித்தான் கேட்பார்.

"இன்னும் சத்தம் இருக்கு" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "வேண்டாம் வேண்டாம்னு அடிச்சுக்கிட்டேனே."

"எங்க சொன்னீங்கப்பா?"

அதற்குள் வாசலில் கார் கிறீச்சிட்டு நின்றது. அண்ணி செருப்பு தடதடக்க உள்ளே வந்தாள். "என்னாச்சு? என்னாச்சு துருவுக்கு? நாய் ஏதாவது கடிச்சுதா?" என்றவள், துருவின் கையிலிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"என்ன இது?"

"மூச்சுக்கு... அண்ணி."

அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கின கையோடு துருவின் முகத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவளுக்கு மெல்ல விளங்கியது.

"பேனா" என்றாள். "இதுதான் பேனாவா?"

அப்பா தரையைப் பார்த்தார். எதிர்ப் பெஞ்சில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒரு பெட்டி பேனா வாங்கிட்டு வந்தேன். கலர் கலரா. அன்னைக்கு என்னைப் பாத்து உள்ளுக்குள்ள எவ்வளவு சிரிச்சிருப்பீங்க!"

"சிரிக்கலம்மா" என்றார் அப்பா. "சத்தியமா யாரும் சிரிக்கல."

"மாமா, இந்த டாக்டர் எங்கிட்ட கேட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு தொந்தரவும் கிடையாதுன்னு நான் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். எங்க வீட்டுப் பொண்ணுன்னேன். இவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா? காலத்துக்கும் நான்தானே கொண்டுபோய்த் தள்ளினவ?"

"நேத்து நான் உன் இஷ்டம்னது..."

"சரின்னுதானே அர்த்தம்?"

"இல்லம்மா. வேண்டாம்னு அர்த்தம்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே மாமா!"

"ஏன்னு நீ கேட்டிருப்பே."

"கேட்டா என்ன?"

"பதில் சொல்லியிருக்கணுமேம்மா" என்றார் அப்பா. வாடிக்கையாளரின் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்த சிப்பந்திபோல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி துருவிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? அவர் வேண்டாம்னுதான் சொன்னார்னு?"

துரு பொய் சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்த பிறகு இன்னொன்று சொல்வதா பெரிய காரியம்? சொல்ல மனசு வரவில்லை.

"தெரியும் அண்ணி."

"காலையில கார்ல வரும்போது?"

"அப்பவும் தெரியும்."

அண்ணி இன்ஹேலரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வெளியே நடந்தாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

டாக்டரம்மா பூனையை முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்தார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், நின்றபடியே சொன்னார்.

"வீசிங் இருக்கறவங்க இந்தத் தொழில்ல இல்லாம இல்ல. ஆனா அது ஆளுக்கு ஆள் வேற. நெஞ்சு டாக்டர் பாத்து, இவளால முடியும், இன்ன மருந்து, இன்ன ஜாக்கிரதைன்னு சொன்னா அனுப்புங்க. முடியாதுன்னா அனுப்பாதீங்க. என் வாசல்லகூட நிக்க விடமாட்டேன். நாளைக்கே போய்ப் பாருங்க." போகிறபோக்கில் துருவைப் பார்த்தார். "நாயை நல்லாத்தான் பிடிச்சே."

அப்பாவின் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. பழைய கூட்டாளி. அப்பா பெயரைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடிவிட்டுத்தான் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் துருவுக்கே கேட்டது.

"வாசல்ல ஒரு அம்மா பிள்ளையோட நிக்கறாங்க. இடத்தைக் குடுத்துடவா, வைக்கவா? இப்பவே சொல்லு. அப்புறம் எங்கிட்ட வராதே."

"ஒரு நிமிஷம் இரு" என்றார் அப்பா. ஃபோனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும்? நீதான் சொல்லணும். இந்தத் தடவை நிஜமாத்தான் கேக்கறேன்."

துரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். முகாமுக்குச் சரி என்றால் கோடை பத்திரம். குளிர்ந்த அறை, கையில் ஒரு சான்றிதழ், ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் படிப்பு. அப்பாவின் மானமும் தப்பும். வேண்டாம் என்றால் நாளைக்கு நெஞ்சு டாக்டர் என்ன சொல்வாரோ! அவரும் முடியாது என்றுவிட்டால் முகாமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, கல்லூரி நேர்முகத்தில் சொல்ல ஒரு பதிலும் இல்லை. பயமாக இருந்தது. மூச்சை இழுத்தபோது உள்ளே இன்னமும் மெல்லிசாக விசில் கேட்டது. அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

"வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா."

அப்பா ஃபோனைக் காதில் வைத்தார். தொண்டையைச் செருமினார். கூட்டாளியிடம் சொல்வதற்கு எத்தனையோ சாக்கு உண்டு, அவருக்குச் சாக்குச் சொல்லத் தெரியாதா என்ன! ஆனால் சொல்லவில்லை.

"இடத்தைக் குடுத்துடுப்பா. எம் பொண்ணுக்கு வீசிங் இருக்கு. ஆமா, சின்னதுலேர்ந்தே. யார்கிட்டேயும் சொன்னதில்ல. அதுக்குப் பயந்துக்கிட்டுதான் உன்கிட்ட வந்து நின்னேன். அவளுக்கு மிருக டாக்டர் ஆகணும். ஆக முடியுமான்னு முதல்ல பாக்கணும்."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, இந்தத் தடவை துருவுக்குக் கேட்கவில்லை. அப்பா "ம்" என்றார், மறுபடி "ம்" என்றார், வைத்துவிட்டார். எதிர்ப் பெஞ்சு, பக்கத்துப் பெஞ்சு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அவர் யாரையும் பார்க்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வாசல் கண்ணாடி வழியே கார் தெரிந்தது. அண்ணி இன்னும் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு கை, காதில் ஃபோன், கன்னத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். வெளியூரில் இருக்கும் அண்ணனிடமா, அவள் அம்மாவிடமா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்?

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே கேட்டார்.

"நாளைக்கு அந்த டாக்டரும் முடியாதுன்னுட்டார்னா என்னம்மா பண்ணுவே?"

"அழுவேன்ப்பா" என்றாள் துரு. "ஆனா அவர் சொல்லட்டும்."